வறட்சி நிவாரணம்: தானியம் மட்டும் போதாது

2010-12 சோமாலியா பஞ்சத்தில் சுமார் 2.58 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. பாதிப் பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். பசியோடு தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தே அவர்களைக் கொன்றன. கிணறு வற்றினால், மிஞ்சிய குட்டையில் ஆளும் மாடும் ஒன்றாகக் குடிக்கும், நோய் பரவும். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு ஊட்டுவது முழுதாக உடம்பில் ஒட்டாது. அதனால் தானியம், தடுப்பூசி, நல்ல தண்ணீர் மூன்றும் ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும். துறைகளோ தனித்தனியாகத்தான் போகின்றன!

எந்த ஊர் வறட்சியிலும் பயிர்ச் சேதம் பார்க்கச் செல்லும் விரிவாக்கப் பணியாளர்கள் குழந்தைகளையும் பாருங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, இடது மேல்கையின் நடுச்சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். குடிநீரில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் தரமான பிளீச்சிங் பவுடர் கலந்து, அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம்.