சாக்ரமெண்டோவில் உங்கள் பெயரால் பேசுபவர்

கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு கவுன்ட்டியில் ஜுருபா வேலி என்ற நகரம் 2011 ஜூலை 1 அன்று பிறந்தது. புதிய நகரங்களுக்கு வாகன உரிமக் கட்டணத்திலிருந்து ஒரு பங்கு கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் அப்பகுதி மக்கள் தனி நகருக்கு வாக்களித்திருந்தார்கள். நகரம் பிறக்கும் தறுவாயில், எஸ்பி 89 என்ற சட்டத்தின் மூலம் மாநில அரசு அந்தப் பங்கை எடுத்துக் காவல் துறை மானியங்களுக்குத் திருப்பிவிட்டது. ஈஸ்ட்வேல், மெனிஃபி, வைல்டமார் ஆகிய பக்கத்து நகரங்களுக்கும் அதே அடி விழுந்தது. நகரையே கலைத்துவிடலாமா என்று ஜுருபா வேலி நகர மன்றம் யோசிக்கும் அளவுக்கு நிலைமை போனது. பணத்தைத் திருப்பித் தரும் மசோதாக்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஆளுநர் ஜெர்ரி பிரவுனின் மேசை வரை போய், அவர் மறுப்பால் செத்தன. தீர்வு கிடைக்க 2017 வரை ஆனது.

ஒரு நகரம் மக்களின் வரிப்பணத்தைக் கொடுத்து, மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் தனக்காகப் பேச ஏன் லாபியிஸ்டை அமர்த்துகிறது என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையே முதல் பதில். மாநில சட்டமன்றம் ஒரே வாக்கெடுப்பில் ஒரு நகரத்தின் கஜானாவைக் காலி செய்ய முடியும். அமெரிக்க அரசியலமைப்பில் நகரங்களுக்கென்று தனி இடம் கிடையாது. அவை மாநிலத்தின் படைப்புகள், மாநிலம் நினைத்தால் அவற்றின் அதிகாரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், பறிக்கலாம் என்று 1907-இல் பிட்ஸ்பர்க் நகரம் தொடர்பான ஹண்டர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கலிஃபோர்னியாவில் சொந்த சாசனம் வைத்திருக்கும் நகரங்களுக்கு உள்ளூர் விவகாரங்களில் கூடுதல் சுதந்திரம் உண்டு. ஆனால் எது உள்ளூர் விவகாரம், எது மாநிலம் முழுவதற்குமான விவகாரம் என்பதில் ஓயாத சண்டை நடக்கிறது.

பணத்தில் பிடி இன்னும் இறுக்கம். 1978-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்துக்குள் கட்டிப்போட்டது. அந்த ஒரு சதவீதத்தில் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கும் உரிமை சட்டமன்றத்திடம் போனது. 1990-களின் தொடக்கத்தில் பற்றாக்குறை வந்தபோது நகரங்களின் சொத்து வரியில் ஒரு பகுதியைப் பள்ளிகளுக்கு மாற்றித் தன் செலவைக் குறைத்துக்கொண்டது மாநிலம். 2011-இல், பழைய பகுதிகளைப் புதுப்பிக்க நகரங்கள் வைத்திருந்த மறுமேம்பாட்டு முகமைகள் மேலேயே கை வைத்தது. 2012 பிப்ரவரி 1 அன்று ஏறத்தாழ 400 முகமைகள் இல்லாமல் போயின.

இதை எதிர்த்து நடந்த வழக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முகமைகளைக் கலைக்க ஒரு சட்டம், பணம் கட்டினால் தொடரலாம் என்று இன்னொரு சட்டம். கலிஃபோர்னியா நகரங்களின் கூட்டமைப்பும் சான் ஹோசே, யூனியன் சிட்டி ஆகிய நகரங்களும் இரண்டையும் எதிர்த்து நீதிமன்றம் போயின. 2010-இல் இந்தக் கூட்டமைப்பே முன்னின்று மக்கள் வாக்கெடுப்பில் வென்ற, உள்ளூர்ப் பணத்தை மாநிலம் எடுப்பதைத் தடுக்கும் 22-ஆம் முன்மொழிவுதான் அவர்களுடைய ஆயுதம். 2011 டிசம்பரில் வந்த தீர்ப்பு அந்த ஆயுதத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதைக் கொண்டு ரத்து செய்தது பணம் கட்டித் தப்பிக்கும் வழியை மட்டுமே. கலைக்கும் சட்டம் நின்றது. நகரங்கள் கேட்டதில் பாதி கிடைத்து, மொத்தமும் போனது. தலைநகரில் எடுக்கும் ஒரு தந்திர முடிவு தவறினால் அதன் விலையை வாடகை வீட்டுக்காரர் முதல் கடைக்காரர் வரை ஊரே கொடுக்கிறது. அதனால்தான் அந்த முடிவை எடுப்பவர் யார், யாரைக் கேட்டு எடுத்தார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை ஊருக்கு இருக்கிறது.

ஃபிரீமாண்ட், சன்னிவேல், சான் ஹோசே என்று வளைகுடாப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பச்சை அட்டைக்காகக் காத்திருக்கும் பலர், நமக்கு ஓட்டே இல்லை, நகர மன்ற விஷயத்தில் நமக்கென்ன என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இது பெரிய இழப்பு. இந்தக் கட்டுரையில் வரும் உரிமைகளில் எதற்கும் குடியுரிமை தேவையில்லை. தமிழ்நாட்டில் மாநகராட்சி ஆணையரை நியமிப்பதே மாநில அரசுதான். மாநில அரசிடம் வாதாட மாநகராட்சி தனியாக ஆள் வைப்பது என்ற எண்ணத்துக்கே அங்கே இடமில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு, இங்கே நகரத்துக்கும் மாநிலத்துக்கும் நடக்கும் இழுபறி எளிதில் கண்ணில் படுவதில்லை.

நடைமுறை இப்படி இருக்கும். ஆண்டின் தொடக்கத்தில் நகர மன்றம் ஒரு கொள்கை அறிக்கையை ஏற்கும்: வீட்டுவசதி, போக்குவரத்து, வரி, காவல் ஆகியவற்றில் நகரம் எதை ஆதரிக்கும், எதை எதிர்க்கும் என்று. பல நகரங்களில் இது விவாதமின்றி ஒரே வாக்கில் நிறைவேறும் ஒப்புதல் பட்டியலில் போய்விடுகிறது. அதன் பிறகு மேயரோ நகர மேலாளரோ ஒவ்வொரு மசோதாவுக்கும் மன்றத்தைத் திரும்பக் கேட்காமலே கடிதம் அனுப்பலாம். லாபி நிறுவனத்துக்கு மாதாமாதம் நிலையான கட்டணம் போகும். தொகை ஒரு வரம்புக்குள் இருந்தால் மன்றத்தின் வாக்குக்கே வராமல் மேலாளரே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நகரங்களும் உண்டு. இது போக, நகரங்களின் கூட்டமைப்புக்குச் சந்தா. 1898 முதல் இருக்கும் அந்த அமைப்பும் சாக்ரமெண்டோவில் லாபி செய்கிறது.

இதில் சட்டவிரோதம் ஏதும் இல்லை. சட்டமன்றத்தின் முன் தன் தரப்பைச் சொல்ல நகரங்களுக்கு மாநில சட்டமே அனுமதி தருகிறது. எல்லைக் கோடு வேறிடத்தில் இருக்கிறது. 1974-இல் பூங்காத் துறை இயக்குநர் ஒரு கடன் பத்திர வாக்கெடுப்பில் ஒரு பக்கத்துக்காக அரசுப் பணத்தைச் செலவிட்டதை எதிர்த்து வரி செலுத்துவோர் ஒருவர் வழக்குப் போட்டார். ஸ்டான்சன் எதிர் மாட் என்ற அந்த வழக்கில் 1976-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், தெளிவான சட்ட அனுமதி இல்லாமல் வாக்காளர்களிடம் பிரசாரம் செய்யப் பொதுப் பணத்தைத் தொடக் கூடாது என்றது. சட்டமன்ற உறுப்பினரிடம் வாதாடலாம். 'இந்த முன்மொழிவுக்கு ஆம் என்று வாக்களியுங்கள்' என்று உங்களிடமே கேட்க உங்கள் பணத்தைச் செலவழிக்கக் கூடாது.

சட்டம் அனுமதித்தாலும் இதில் ஆபத்துகள் உண்டு. முதன்மையானது யாருடைய குரல் என்பது. 2021-இல் சட்டமான எஸ்பி 9, தனி வீடு மட்டுமே கட்டலாம் என்றிருந்த மனையில் இரண்டு வீடுகளுக்கு வழி திறந்தது. நகரங்களின் கூட்டமைப்பும் பல நகரங்களும் அதை எதிர்த்தன. அந்த நகரங்களில் சொந்த வீட்டுக்காரர்கள் மட்டுமா இருந்தார்கள்? வாடகை ஏறிக்கொண்டே போவதைப் பார்த்துத் தவித்தவர்களும் அங்கேதான் இருந்தார்கள். அவர்கள் கடையில் கட்டிய விற்பனை வரியும் அந்த எதிர்ப்புக்கு உதவியது. எஸ்பி 9 நல்லதா கெட்டதா என்பது இங்கே கேள்வியல்ல. 'நகரத்தின் நிலைப்பாடு' என்று சாக்ரமெண்டோவில் வைக்கப்படுவது, கூட்டத்துக்கு வந்து பேசிய சிலரின் நிலைப்பாடாகவே இருந்துவிடலாம். வராதவர்களின் பணமும் அதில் சேர்ந்தேதான் செலவாகிறது.

இரண்டாவது, நலன்களின் மோதல். ஒரே லாபி நிறுவனம் ஒரு நகரத்துக்கும், வீடு கட்டும் நிறுவனங்களின் சங்கத்துக்கும், மின்சார நிறுவனத்துக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். ஒரு மசோதாவில் அவர்கள் எதிரெதிர்ப் பக்கம் நின்றால் அந்த நிறுவனம் யாருக்காக முழு மூச்சாகப் பேசும்? பணம் அதிகம் தருபவருக்காக என்று சந்தேகிப்பதில் தவறில்லை. மாநிலச் செயலரின் கால்-ஆக்சஸ் தளத்தில் எந்த நிறுவனத்துக்கு யார் யார் வாடிக்கையாளர்கள் என்று யாரும் பார்க்கலாம். ஒப்பந்தம் போடும் முன்பே நகர மன்றம் இதைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்ததா என்று நாம் கேட்க வேண்டும்.

சில காப்புகளைச் சட்டம் ஏற்கெனவே வைத்திருக்கிறது. 1974-இல் மக்களே வாக்களித்து நிறைவேற்றிய அரசியல் சீர்திருத்தச் சட்டம், மசோதா வென்றால் இவ்வளவு என்று கட்டணம் பேசுவதைத் தடை செய்கிறது. லாபியிஸ்ட் ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு மாதம் 10 டாலருக்கு மேல் அன்பளிப்புத் தர முடியாது. லாபியிஸ்டை அமர்த்திய நகரம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கில் தொகை இருக்கும், மசோதா எண்கள் இருக்கும். ஆதரித்தார்களா எதிர்த்தார்களா என்பதை அதில் தேடாதீர்கள். அதற்குச் சட்டமன்றத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு மசோதாவுக்கும் குழுக்கள் எழுதும் ஆய்வுரையின் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டு பட்டியல் இருக்கும். உங்கள் நகரத்தின் பெயர் எந்தப் பக்கம் நிற்கிறது என்று அங்கே தெரியும்.

கேட்பதற்கான வழிகள் பல. திறந்த கூட்டங்களுக்கான 1953-ஆம் ஆண்டின் பிரவுன் சட்டப்படி நகர மன்றத்தின் வழக்கமான கூட்டத்தின் நிரலை 72 மணி நேரத்துக்கு முன் வெளியிட வேண்டும். பொதுமக்கள் யாரும் பேசலாம். உள்ளே வரப் பெயரைப் பதிந்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. ஒப்புதல் பட்டியலில் கொள்கை அறிக்கையோ லாபி ஒப்பந்தமோ இருந்தால், அதைத் தனியே எடுத்து விவாதிக்கும்படி உங்கள் மன்ற உறுப்பினருக்கு முந்தைய நாளே எழுதுங்கள். நிரலில் இல்லாததை முடிவு செய்தார்கள் என்றால் 30 நாளுக்குள் எழுத்து மூலம் திருத்தக் கோரலாம்.

பொது ஆவணச் சட்டம் இன்னும் வலிமையானது. எந்த நபரும் கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டாம். ஆவணத்தைத் தருவதா இல்லையா என்று நகரம் 10 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சில சூழல்களில் இன்னும் 14 நாள் எடுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தம், ஒவ்வொரு மாத ரசீது, லாபியிஸ்ட் அனுப்பிய அறிக்கைகள், நகரம் அனுப்பிய நிலைப்பாட்டுக் கடிதங்கள் ஆகிய நான்கையும் கேளுங்கள். மன்ற உறுப்பினர் தன் சொந்தக் கைபேசியில் லாபியிஸ்டுடன் பேசிக்கொண்டால்? அதற்கும் விடை உண்டு. நகரப் பணி பற்றிய செய்தி என்றால் அது சொந்தக் கணக்கில் இருந்தாலும் பொது ஆவணம்தான் என்று 2017-இல் சான் ஹோசே நகரம் தொடர்பான வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆவணத்தைத் தர நகரம் மறுத்தால் கவுன்ட்டியின் மேல்நிலை நீதிமன்றத்துக்குப் போகலாம். வென்றால் வழக்கறிஞர் செலவை நகரம் தர வேண்டும்.

பணம் சட்டவிரோதமாகச் செலவாகிறது என்று ஆதாரம் இருந்தால், வரி செலுத்தும் குடியிருப்பாளர் வழக்குத் தொடர உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 526ஏ பிரிவு வழி தருகிறது. இதற்குச் சொத்து வரி கட்டியிருக்க வேண்டும் என்பதில்லை என்று 2017-இல் சான் ரஃபேல் நகரம் தொடர்பான வழக்கில் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டே சட்டமும் வருமான வரி, விற்பனை வரி உள்ளிட்டவற்றை வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டது. ஆகவே வாடகைக்கு இருப்பவருக்கும் கதவு திறந்திருக்கிறது. ஒரு முடிவு புத்திசாலித்தனமற்றது என்பதற்காக மட்டும் நீதிமன்றம் தலையிடாது. அதற்குத் தேர்தல்தான் வழி. லாபி விதிமீறல் என்றால் நியாயமான அரசியல் நடைமுறை ஆணையத்திடம் புகார் தரலாம். ஒவ்வொரு மீறலுக்கும் 5,000 டாலர் வரை அபராதம் விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு.

டெக்சஸில் வேறு மாதிரி யோசிக்கிறார்கள். நகரங்கள் வரிப்பணத்தில் லாபியிஸ்டை அமர்த்துவதையே தடுக்கும் மசோதாவை 2019, 2021, 2023 ஆண்டுகளில் அந்த மாநில செனட் நிறைவேற்றியது. கீழவையைத் தாண்டி அந்த மசோதாக்கள் சட்டமாகவில்லை. அந்தத் தடை எனக்கு உடன்பாடில்லை. எண்ணெய் நிறுவனமும் கட்டுமான நிறுவனமும் ஆள் வைத்துப் பேசும் இடத்தில் நகரத்தின் வாயை மட்டும் கட்டுவது ஏழை ஊர்களைத்தான் முதலில் தாக்கும். பெரிய நகரத்துக்குச் சம்பளத்தில் அதிகாரிகள் இருக்கிறார்கள். சிறிய ஊருக்கு யாரும் இல்லை.

ஆனால் ஜுருபா வேலியின் பணம் எப்படித் திரும்பியது என்பதையும் பார்க்க வேண்டும். 2017-இல் சாலைகளுக்கான வரிச் சட்டத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவைப்பட்டன. ஒரு வாக்கும் உபரி இல்லாத அந்த நேரத்தில் ரிவர்சைடு பகுதியின் செனட்டரும் அசெம்பிளி உறுப்பினரும் தங்கள் தொகுதிக்கு வேண்டியதைக் கேட்டுப் பெற்றார்கள். நான்கு நகரங்களின் பங்கை மீட்ட எஸ்பி 130 அப்படித்தான் வந்தது. ஊர் மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய உறுப்பினரைவிட வலிய பிரதிநிதி சாக்ரமெண்டோவில் கிடையாது. அவருக்கு நகரம் தனிக் கட்டணம் தருவதும் இல்லை. லாபியிஸ்டுக்குப் பணம் கொடுக்கும் நகர மன்றம், தன் தொகுதி உறுப்பினர்களோடு அந்த ஆண்டில் என்ன பேசியது, அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் மக்கள் முன் வைக்க வேண்டும். அதைச் சொல்லாத மன்றத்துக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தகுதி இல்லை.

உங்கள் நகர எழுத்தரின் மின்னஞ்சல் முகவரி நகர இணையதளத்தில் இருக்கிறது. லாபி ஒப்பந்தத்தின் நகலையும் கடந்த ஓராண்டின் ரசீதுகளையும் கேட்டு இரண்டு வரி எழுதுங்கள். பச்சை அட்டை வரும் வரை அதற்குக் காத்திருக்க வேண்டாம்.