அடிபம்பு போன பிறகு

எண்பதுகளின் சென்னையில் பல வீடுகளுக்குக் காலை என்பது தண்ணீரோடுதான் விடியும். தெருமுனை அடிபம்பில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்து, முறை வரும்போது ஓடி, அடித்து நிரப்பி, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக மாடி ஏற வேண்டும். அப்புறம் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வரிசை, மாவு மில்லுக்கு ஒரு நடை, பஸ் ஸ்டாப்புக்கு ஒரு நடை. அப்பாவுக்குச் சைக்கிள், இட்லிக்கு ஆட்டுரல். இதையெல்லாம் யாரும் உடற்பயிற்சி என்று நினைக்கவில்லை. வேலை, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தைப் புகழ்ந்து பாட எனக்கு மனமில்லை. இடுப்பொடிய அந்தத் தண்ணீரைச் சுமந்தவர்கள் பெண்கள். ஆட்டுரல் முன்னால் உட்கார்ந்தவர்களும் அவர்களே. கோயம்புத்தூர் பட்டறைகள் அந்தக் கல்லை மோட்டாரில் சுற்றவைத்தபோது அவர்கள் கை ஓய்ந்தது. பழையபடி ஆட்டுங்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்த உடல் அசைவு, வேலை குறைந்தபோது சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. கிரைண்டருக்குப் பிறகு பாக்கெட் மாவு வந்தது. இப்போது அந்தப் பாக்கெட்டும் வாசலுக்கே வருகிறது. நாலு வீடு தள்ளியிருக்கும் அண்ணாச்சி கடைக்கு ஸ்கூட்டி, இரண்டாவது மாடிக்கு லிஃப்ட். மிச்சமான நேரமாவது கையில் நின்றதா என்றால் அதுவும் இல்லை. ஓ.எம்.ஆர். அலுவலகத்தில் எட்டு மணிக்கு மீட்டிங் முடிந்து, டிராஃபிக்கில் ஊர்ந்து வீடு சேர்ந்தால் பத்து மணிக்குச் சாப்பாடு, பத்தரைக்குப் படுக்கை.

சென்னையில் பெரியவர்களிடம் நீரிழிவு 1989-இல் 8.3 சதவீதம், 2004-இல் 14.3. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் தமிழ்நாட்டின் அளவு, கிராமங்களையும் சேர்த்தே, 14.4 சதவீதம். நடை குறைந்தது ஒன்றே காரணமில்லை. சாப்பாடு, தூக்கம், பரம்பரை எல்லாமே இதில் உண்டு. இருந்தாலும் உட்கார்ந்தே இருப்பது எவ்வளவு கெடுதல் என்பதை ஆய்வாளர் ஜெரமி மாரிஸ் 1953-லேயே காட்டிவிட்டார். லண்டன் மாடி பஸ்களில் அதே வண்டியில், அதே ரூட்டில் போகிற இரண்டு பேர். நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, டிக்கெட் கொடுக்கப் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. கண்டக்டரும் உடம்புக்காகப் படி ஏறவில்லை.

இன்றைக்குக் கிடைக்கும் அறிவுரைகள் கோட்டைவிடுவது இங்கேதான். ஐந்து மணிக்கு எழுந்திரு, ஜிம்மில் சேர் என்று அவை தனியாக ஒரு நேரம் கேட்கின்றன. அந்த நேரம் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாமே! ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒன்றோடு சேர்த்துவிட்டால்தான் பழக்கம் நிற்கும்.

எனக்குத் தெரிந்த வங்கி ஊழியர் ஒருவர் இருக்கிறார், ஐம்பதை நெருங்கும் பெண்மணி. இரவு சாப்பிட்டதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அம்மாவிடம் போனில் பேசாமல் இருக்க மாட்டார். முன்பு சோபாவில் சாய்ந்து பேசுவார். இப்போது போனை எடுத்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார். தண்ணீர்த் தொட்டியிலிருந்து துணிக்கொடி வரை நடை, திரும்ப நடை. "ஏன்டி மூச்சு வாங்குது?" என்று அம்மா கேட்டால், "நடந்துக்கிட்டே பேசறேம்மா." பேச்சு முடியும்போது எப்படியும் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

அந்தப் பத்து நிமிடம் சின்ன விஷயமில்லை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவுக்காரர்கள் நாளில் ஏதோ ஒரு நேரத்தில் அரை மணி நடந்ததைவிட, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடந்தபோது, சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 22 சதவீதம். நம் ஊரில் அதிகம் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிற வேளையும் அதுதான்.

இரண்டு வாரத்தில் பழக்கமாகவில்லையே என்று கைவிடுகிறவர்கள் நிறைய. 2009-இல் வந்த லண்டன் ஆய்வு ஒன்றில், 'காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு' என்பதுபோல ஒரு தருணத்தோடு இணைத்த செயல்கள் தானாக வர சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசமும் இருந்தது. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிதாக எதுவும் கெடவில்லை. ஐப்பசி மழையில் மாடி வழுக்கும் நாளில் அந்த வங்கி ஊழியர் நடப்பதில்லை, உட்கார்ந்தே பேசிவிடுகிறார்.

அவருக்கு முதலில் குறுக்கே நின்றது சோம்பல் இல்லை, சிங்க்கில் கிடந்த பாத்திரம். அன்று குடம் சுமந்தவர்களின் மகள்களுக்கு இன்றும் சாப்பாட்டுக்குப் பிறகான நேரம் அங்கேதான் கழிகிறது. கணவரும் மகனும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கழுவுவது என்று முடிவான பிறகுதான் அவரால் மாடிக்குப் போக முடிந்தது. நடக்கச் சொல்லும் டாக்டர்கள், வீட்டில் இரவுப் பாத்திரம் யார் கழுவுகிறார்கள் என்றும் கேட்டு, கூட வந்திருக்கும் கணவரிடம் அரை நிமிடம் பேசினால் நல்லது.