அசன அடுப்புக்கும் இடம் வேண்டும்

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் பிறந்து கட்டட வரைபடம் போடுகிறவள் நான். பழைய ஆலயத்தை இடித்துக் கட்ட நினைக்கும் சபையாரை முதலில் மெஞ்ஞானபுரத்துக்குப் போய்வரச் சொல்வேன். 1847இல் பிரதிஷ்டையான பரிசுத்த பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி. அதைக் கட்டிய மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் கோபுரத்தோடு நிற்கவில்லை. கிணறு, மரம், பள்ளிக்கூடம் என்று தேரி மணலில் ஊரையே வளர்த்தார். எங்கள் ஊரில் ஊழியம் செய்த மிஷனரி மர்காஷிஸ் ஐயரும் அப்படித்தான்.

இன்று ஆலயம் கட்டும் இடத்தைச் சுற்றிலும் வீடுகள். ஆலயமும் சமுதாயக் கூடமும் ஒரே மனையில் வருகின்றன. சபையார் கூடி உண்ணும் அசனத்துக்கு அண்டா ஏற்றும் அடுப்படி, புகை போகும் திசை, பந்திக்கு நிழல், கை கழுவிய தண்ணீர் ஓடும் வாய்க்கால் எல்லாம் முதல் வரைபடத்திலேயே இருக்கவேண்டும். ஒலிபெருக்கி பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து நிற்கக்கூடாது. வாசலில் சாய்தளம் கட்டாயம். பீடத்துக்குச் சலவைக்கல் அதற்குப் பிறகுதான்.