ப்ராசஸ்ல இருக்கு சார்!

பெரிய கம்பெனியில் 4 வருஷம் 2 மாசம் இருந்தேன். பி.காம். படித்தவனை அக்கவுண்ட்ஸில் போடுவார்கள் என்று தெரியும். 'எம்' முதல் 'ஆர்' வரை பெயர் ஆரம்பிக்கும் சப்ளையர்களின் பில்களை மட்டும் பார்க்கச் சொல்வார்கள் என்று தெரியாது. 'எஸ்' யாரிடம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வேறு மாடி.

ஆனால் மரியாதை பலம். பெண் பார்க்கப் போன இடத்தில் கம்பெனி பெயரைச் சொன்னதும் கேசரியில் முந்திரி அதிகமானது.

வேலை மகா சுலபம். வந்த பில்லில் ஒரு குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆர்டர் நம்பர் இல்லை, சீல் மங்கல், இப்படி ஏதாவது. ஒரு மாசம் தள்ளினால் மேனேஜர் முகத்தில் சிரிப்பு. சப்ளையர் போன் பண்ணினால் மனப்பாடமாக ஒரு பதில்: "ப்ராசஸ்ல இருக்கு சார்."

அலுத்துப்போய், அம்பத்தூர் எஸ்டேட்டில் 14 பேர் வேலை பார்க்கும் ஒரு பட்டறைக்கு மாறினேன். "எல்லா வேலையும் கத்துக்கலாம் தம்பி" என்றார் முதலாளி. பொய் சொல்லவில்லை. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், லாரிக்கு இ-வே பில், டீக்கணக்கு, சாயங்காலம் ஷட்டரை இழுத்துப் பூட்டுவது, எல்லாம் நான்தான். கேசரியில் முந்திரி நின்றது.

இரண்டாவது மாசம் 30-ம் தேதி. சம்பளத்துக்கு வேண்டியது மூன்று லட்சத்துச் சொச்சம். பாங்க்கில் இருந்தது 61 ஆயிரம். ஒரு பெரிய கம்பெனியிலிருந்து வரவேண்டியது நாலு லட்சம். சரக்குப் போய் 80 நாள். போன் செய்தேன். எதிர்முனையில் ஒரு பையன்.

"ப்ராசஸ்ல இருக்கு சார்."

குரல்கூட என் குரல் மாதிரியே இருந்தது.

2006-ல் வந்த சட்டப்படி, எங்களைப் போன்ற சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் பாங்க் ரேட்டைப்போல் 3 மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. முதலாளியிடம் உற்சாகமாகச் சொன்னேன்.

"கேட்டா வட்டி வரும் தம்பி. அடுத்த ஆர்டர் வராது."

மறுநாள் முதலாளியம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. லேத்துக்காரர்களுக்கு முதலில், எனக்குக் கடைசியில். முதலாளிக்கு எதுவும் மிஞ்சவில்லை. பட்டுவாடா செய்தவன் நான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 'எம்' முதல் 'ஆர்' வரை எத்தனை வீட்டு வளையல்களை நான் அடகுக்கு அனுப்பியிருப்பேன்?

சின்ன கம்பெனிக்கு மாற நினைக்கும் நண்பர்களே, ராஜினாமா எழுதுமுன் காலண்டரைப் பாருங்கள். நிரந்தர ஊழியருக்கு 5 வருஷம் ஆனால்தான் கிராஜுவிட்டி. 10 மாசத்தில் கோட்டைவிட்டவன் சொல்கிறேன். 20 பேருக்குக் குறைவான இடத்தில் பி.எஃப். கட்டாயமில்லை. அதையும் வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள்.

பெரிய கம்பெனியிலேயே இருக்கப் போகிறீர்களா? ரொம்ப சந்தோஷம். மேஜைமேல் கிடக்கிற அந்தப் பில்லை மட்டும் இன்றைக்கே பாஸ் பண்ணிவிடுங்கள்.

சீல் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.