குழந்தைகளுடனான கப்பற் பயணமும் அறைத் தெரிவும்

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட எம்பிரஸ் என்ற உல்லாசப் பயணக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கு வருகை தந்தது. முன்னர் தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்திற்கும் இடையே சேவையில் ஈடுபட்ட கப்பலை நினைவில் வைத்திருக்கும் மூத்த தலைமுறையினருக்கு அந்தக் காட்சி மகிழ்ச்சியை அளித்திருக்கும். ஆனால், அது சில மணிநேரப் பயணம். உல்லாசக் கப்பலிலோ நாட்கணக்கில் குடியிருக்க வேண்டியுள்ளது. கனடாவிலும் பிரித்தானியாவிலும் வாழும் எம்மவர்கள் தமது பிள்ளைகளோடு, இங்கிருந்து அழைத்த பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு இத்தகைய பயணங்களை மேற்கொள்வது இன்று புதிய விடயமன்று. ஆகவே, குழந்தைகளுடன் செல்லும் ஒரு குடும்பம் எத்தகைய அறையைத் தெரிவு செய்யவேண்டும் என்பது எமது வாசகர்களுக்கும் உரிய கேள்வியேயாகும்.

கடலைப் பார்க்கக்கூடிய அறையா, ஜன்னலே இல்லாத உள்ளறையா என்பதே பலரும் முதலிற் கேட்கும் கேள்வி. அது முதலிற் கேட்கவேண்டிய கேள்வியன்று என்பது எமது கருத்தாகும். எத்தனை பேர் அந்த அறையில் அனுமதிக்கப்படுவர், ஒவ்வொருவரும் எங்கே உறங்குவர் என்பதே முதலில் தெளிவாகவேண்டும்.

ஹோட்டலில் பெரும்பாலும் அறைக்கு வாடகை செலுத்துகின்றோம். கப்பலில் ஆளுக்குக் கட்டணம் செலுத்துகின்றோம். விளம்பரங்களிற் காணப்படும் தொகை, இருவர் ஓர் அறையிற் தங்குவர் என்ற அடிப்படையில் ஒருவருக்குரிய கட்டணமாகும். அதே அறையில் தங்கும் மூன்றாம், நான்காம் நபர்களுக்குக் கட்டணம் பெரும்பாலும் குறைவாக இருக்கும். எனினும் துறைமுக வரிகள் குழந்தைகளுக்கும் உண்டு. கைக்குழந்தையும் ஒரு பயணியாகவே கணக்கிடப்படுகின்றது.

இக்கணக்கிற்கு ஆழமானதொரு காரணம் இருக்கின்றது. 1912ஆம் ஆண்டு டைட்டானிக் மூழ்கியபோது அதில் ஏறத்தாழ 2,200 பேர் இருந்தனர். உயிர்காப்புப் படகுகளிலோ 1,178 பேருக்கே இடமிருந்தது. அந்த அனர்த்தத்தின் விளைவாக 1914இல் உருவாகிய கடலுயிர்ப் பாதுகாப்புச் சமவாயம், பின்னர் பல தடவைகள் திருத்தப்பட்டு இன்று வரை நடைமுறையில் உள்ளது. கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புக் கலத்தில் இடம் இருக்கவேண்டும். எனவே ஓர் அறையில் நான்கு கட்டில்கள் இருந்தபோதிலும், அப்பகுதிக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் நிரம்பிவிட்டால் அந்த அறை இருவருக்கு மட்டுமே வழங்கப்படும். இருவருக்கென அறையைப் பதிவு செய்துவிட்டுப் பிள்ளையைப் பின்னர் சேர்க்கலாம் என எண்ணுவோர் ஏமாற்றமடைவது இதனாலேயே. இன்னும் பிறக்காத குழந்தைக்கும் இது பொருந்தும். பெரும்பாலான நிறுவனங்கள் ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளை ஏற்றுக்கொள்வதில்லை. பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணங்களுக்குப் பன்னிரண்டு மாதம் நிரம்பியிருக்கவேண்டும் என்பது வழக்கம்.

அடுத்தது கட்டில்கள். சாதாரண உள்ளறையொன்று 150 சதுர அடி அளவிலேயே இருக்கும். எமது வீடுகளில் ஒரு படுக்கையறையைவிடப் பெரிதல்ல. அதற்குள்ளேதான் குளியலறையும் அடங்கும். மூன்றாவது, நான்காவது கட்டில்கள் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இரவில் இறக்கப்படுபவை. சில அறைகளில் சோபாவே கட்டிலாக விரிக்கப்படும். ஆறு வயதிற்குட்பட்ட பிள்ளையை மேற்கட்டிலில் உறங்கவைப்பது பாதுகாப்பானதல்ல. ஆகவே சிறு பிள்ளைகள் இருவர் உள்ள குடும்பத்திற்கு மேற்கட்டில்கள் இரண்டு உள்ள அறை, கணக்கின்படி நால்வருக்குப் போதுமெனினும் நடைமுறையில் போதாது. தொட்டில் தேவைப்படுவோர் அதனை விரித்த பின் கதவு வரை நடக்க இடமிருக்குமா என்பதையும் கேட்டறிய வேண்டும். அத்துடன் கப்பல்களில் தொட்டில்களின் எண்ணிக்கை மட்டுப்படுத்தப்பட்டது என்பதால் முன்கூட்டியே கோரவேண்டும்.

குடும்பங்களை மனதிற்கொண்டு கட்டப்பட்ட கப்பல்களும் உள்ளன. 1998இல் சேவைக்கு வந்த டிஸ்னி மெஜிக் கப்பலின் பல அறைகளில் மலசலகூடம் வேறாகவும் குளிக்குமிடம் வேறாகவும் அமைக்கப்பட்டன. ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மற்றப் பிள்ளை கதவைத் தட்டிக்கொண்டு நிற்கவேண்டியதில்லை. சிறிய விடயந்தான், ஆனால் காலை வேளையில் அதன் அருமை பெற்றோருக்கே தெரியும்.

நால்வருக்கு மேற்பட்ட குடும்பத்திற்கும் தாத்தா, பாட்டியுடன் செல்வோருக்கும் இரண்டு அறைகளே உசிதமானவை. இங்குதான் ஒரு சொல்லினால் பலர் தவறிழைக்கின்றனர். அடுத்தடுத்த அறைகள் வேறு, இணைப்புக் கதவுள்ள அறைகள் வேறு. முன்னையதில் பிள்ளையிடம் செல்வதற்கு நள்ளிரவில் பொது நடைபாதைக்கு வரவேண்டும். பின்னையதில் உட்கதவைத் திறந்தாற் போதும். பயண முகவர் 'பக்கத்து அறை' என்று கூறுவாராயின், இடையே கதவு உண்டா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். அமெரிக்காவிலிருந்து புறப்படும் பல கப்பல்களில் ஒவ்வோர் அறையிலும் 21 வயது நிரம்பிய ஒருவர் பதிவாகியிருக்க வேண்டும் என்ற விதியும் உள்ளது. பெற்றோரின் அறைக்கு அருகே பிள்ளைகள் தங்கும்போது இது தளர்த்தப்படுவதுண்டு; எனினும் பணம் செலுத்துமுன் உறுதிப்படுத்திக்கொள்வது அவசியம்.

இனி, பல்கனி. 2010ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமொன்று கப்பலின் பாதுகாப்புக் கம்பி வேலி குறைந்தது 42 அங்குல உயரம் இருக்கவேண்டும் என விதிக்கின்றது. அது ஏறத்தாழ 107 சென்ரிமீற்றர். ஐந்து வயதுப் பிள்ளையொன்றின் சராசரி உயரம் 110 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். வெறுந் தளத்தில் நிற்கும் பிள்ளைக்கு அந்த வேலி காவலாகும். ஆனால் பல்கனியில் கதிரைகள் இருக்கின்றன. கதிரையில் ஏறிய பிள்ளைக்கு அதே வேலி இடுப்பளவுதான். 2019 ஜூலையில் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஜுவான் துறைமுகத்தில் நின்ற கப்பலொன்றின் 11ஆம் தளத்திலிருந்து ஒன்றரை வயதுக் குழந்தை விழுந்து உயிரிழந்தது. அது அறையின் பல்கனியன்று, பொதுத் தளத்தின் திறந்திருந்த ஜன்னல். எனினும் உயரமும் திறப்பும் ஒன்றுசேரும் இடத்தில் ஒரு கணம் எத்தகையது என்பதை அச்சம்பவம் காட்டியது.

ஆகையால் ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பத்திற்குப் பல்கனி அறையை நாம் பரிந்துரைக்கமாட்டோம். திறக்க முடியாத கண்ணாடி ஜன்னலுள்ள அறை கடலையும் காட்டும், காவலையும் தரும். பல்கனிக்குரிய மேலதிகப் பணத்தை இரண்டாவது உள்ளறைக்குச் செலவிடுவது பல வேளைகளில் கூடிய பயனைத் தரும். ஜன்னலற்ற அறையில் பகலும் இரவும் ஒன்றே என்பதால் பிள்ளைகள் அயர்ந்து உறங்குவர். இருளுக்கு அஞ்சும் பிள்ளைக்கு ஒரு சிறு விளக்கு போதும். குழந்தை பகலில் உறங்கும்போது பெற்றோர் அமர்ந்திருக்க ஓர் இடம் கிடைப்பது பல்கனியின் உண்மையான நன்மை என்பதை மறுப்பதற்கில்லை. அத்தகையோர் கதவின் மேற்பகுதியிலும் தாழ்ப்பாள் உண்டா எனக் கேட்டறிவதோடு, கதிரைகளை உள்ளே எடுத்துவிட வேண்டும்.

அறையின் அமைவிடம் குறித்துக் கூறுவதற்கு அதிகமில்லை. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் ஆட்டம் குறைவு, முனைகளில் அதிகம். நீச்சல் தடாகத் தளத்திற்கு நேர் கீழேயும் அரங்குகளுக்கு நேர் மேலேயும் உள்ள அறைகளைத் தவிர்க்கலாம். கப்பலின் தள வரைபடத்தில் மேலும் கீழும் உள்ள தளங்களைப் பார்த்தால் இது விளங்கிவிடும். அறை இலக்கத்தை நிறுவனமே பின்னர் தீர்மானிக்கும் என்ற நிபந்தனையுடன் மலிவாக விற்கப்படும் அறைகள் தனித்துச் செல்வோருக்கு இலாபம். இரண்டு அறைகளும் வெவ்வேறு தளங்களில் கிடைக்கக்கூடும் என்பதால் குடும்பங்களுக்கு உகந்தவையல்ல.

கப்பலில் ஏறியதும் பல நிறுவனங்கள் சிறுவர்களின் கையில் ஒரு பட்டியைக் கட்டிவிடுகின்றன. அவசர வேளையில் அப்பிள்ளையை எந்த ஒன்றுகூடும் இடத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் அந்த இடம், குடும்பம் தெரிவு செய்த அறையைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றது.