நிலாப் படமும் நாலு ஜி.பி. ரேமும்

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் நிலாவில் இறங்கும்போது தொடர்பை இழந்து மோதியது. அதன் சிதறலை முதலில் அடையாளம் கண்டவர் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். நாசாவின் எல்.ஆர்.ஓ. விண்கலம் எடுத்த பழைய படத்தையும் புதிய படத்தையும் இரண்டு மடிக்கணினிகளில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, முன்பு இல்லாத ஒரு வெண்புள்ளியைப் பிடித்தார். டிசம்பர் 2இல் நாசா அதை உறுதிசெய்து அவர் பெயரையும் சொன்னது. நாமக்கல்காரர்களுக்கு இதில் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. லேண்டரைச் சோதித்துப் பார்க்க நிலா மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, அதற்கான அனார்த்தோசைட் பாறை போனது சித்தம்பூண்டி, குன்னமலை பக்கமிருந்துதான்.

எல்.ஆர்.ஓ. எடுத்த அந்த நிலாப் படங்கள் எல்லோருக்கும் இலவசம். எருமப்பட்டியில் 4 ஜி.பி. ரேம் வைத்திருக்கும் ஒரு மாணவர் இறக்கித் திறந்தால் என்ன ஆகும்?

எல்.ஆர்.ஓ.வின் குறுங்கோணக் கேமராப் படம் ஒன்று 5,064 புள்ளி அகலம், 52,224 வரி நீளம். பெருக்கினால் 26 கோடியைத் தாண்டும். புள்ளிக்கு ஒரு பைட் என்றால் சுமார் 250 எம்.பி.தான். வம்பு அதற்கப்புறம். துல்லியத்துக்காக ஒவ்வொரு புள்ளியையும் 32 பிட் தசம எண்ணாக மாற்றினால் அதுவே 1 ஜி.பி. ஆகிவிடும். ஃபில்ட்டர் போட்டால் விடையை வைக்க இன்னொரு ஜி.பி.; அன்டூ செய்யப் பழையதும் வேண்டும். விண்டோஸும் பிரவுசரும் ஏற்கெனவே பாதி ரேமைப் பிடித்து உட்கார்ந்திருக்கும். இடம் போதாத கணினி, மிச்சத்தை ஹார்டு டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஏறக்குறைய 100 நானோ விநாடி. சுழலும் டிஸ்க்கில் தேடி எடுக்க 10 மில்லி விநாடி, அதாவது லட்சம் மடங்கு. அதுவரை பிராசஸர் சும்மா கைகட்டி நிற்கும்.

நிலாவுக்குப் போகாமல் கல்யாண ஆல்பத்தோடு நின்றாலும் கதை இதுதான். 12க்கு 36 அங்குல ஷீட்டை 300 டி.பி.ஐ.யில் போட்டால் ஒரு லேயருக்கே சுமார் 117 எம்.பி. அதை 16 பிட்டில் வைத்தால் இரட்டிப்பு. அச்சுக்கு 8 பிட்டே போகிறதென்றால், கடைசிவரை 16 பிட்டைச் சுமப்பது வீண்.

ஆகவே, “பிராசஸரை மாத்துங்க” என்று கடைக்காரர் சொன்னதும் பர்ஸை எடுக்க வேண்டாம். மென்பொருள் திணறும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ரேம் நிரம்பி, டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, சி.பி.யு. மட்டும் ஓய்வாக இருந்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது. கூடுதல் ரேம் போடுங்கள். இரண்டு ஸ்லாட் இருந்தால் ஒரே அளவில் ஜோடியாகப் போடுவது நல்லது, தரவு இரட்டைப் பாதையில் ஓடும். சுழலும் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. வைத்தால் பழைய கணினியும் எழுந்து உட்காரும். ஆனால் ரேமுக்கு அது மாற்றாகாது.

காசு செலவில்லாத வழியும் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான். தேவையான பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வேலை செய்வது. முழுப் படமும் வேண்டுமென்றால் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் ‘பிரமிடு’ உருவாக்கலாம். பாதி, கால், அரைக்கால் என்று சின்னப் பிரதிகளை ஒருமுறை செய்து வைத்துக்கொள்ளும். தள்ளி நின்று பார்க்கும்போது 26 கோடிப் புள்ளிகளையும் படிக்காமல் சின்னதையே காட்டும். சுருக்காமல் சேமித்தாலும் கூடுதல் இடம் மூலப் படத்தில் மூன்றில் ஒரு பங்குதான்.

சி.பி.யு.வே 100 சதவீதத்தில் ஓடியும் மெதுவாக இருந்தால், சூட்டைச் சந்தேகியுங்கள். சூடு எல்லை தாண்டினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலும் கோழித் தீவனத் தூசியும் சேர்ந்த ஊரில் ஃபேனைத் திறந்து துடைப்பதே ஒரு மேம்பாடு.

கிராஃபிக்ஸ் கார்டு கடைசியில்தான். படத்தைத் திருத்தும் மென்பொருள்களில் டார்க்டேபிள் போன்றவை அதை நன்றாகப் பயன்படுத்தும். கிம்ப் பெரும்பாலும் சி.பி.யு.வை நம்பியே ஓடும். வாங்குமுன் உங்கள் கேபினட்டில் இருக்கும் பவர் சப்ளை எத்தனை வாட் என்பதையும் பார்த்துவிடுங்கள்.