கார்ப்பெட்டில் மை கறையா? முதல்ல எந்தப் பேனான்னு பாருங்க!

வாடகை வீட்டு கார்ப்பெட்டில் பேனா மை பட்டுவிட்டால், அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்களோ என்ற பதற்றத்தில் ஈரத்துணியால் பரபரவென்று தேய்ப்போம். சிக்கலே அங்குதான். தேய்க்கத் தேய்க்க மை பரவும், இழைக்குள்ளும் இறங்கும்.

பால்பாயின்ட் மை எண்ணெய்ப் பசை கொண்டது. தண்ணீருக்கு அசையாது, ஆல்கஹாலில் கரையும். ஒரு காலத்தில் ஹேர் ஸ்ப்ரே அடித்தால் கறை போனதும் அதிலிருந்த ஆல்கஹாலால்தான். இப்போதைய ஸ்ப்ரேக்கள் பலவற்றில் அது குறைவு. பிசுபிசுப்பு வேறு மிஞ்சும். மெடிக்கல் ஷாப்பில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கேட்டு வாங்குங்க.

முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதியுங்கள். கார்ப்பெட்டின் சாயம் துணியில் ஏறினால் அத்தோடு நிறுத்திடுங்க. ஏறவில்லையா? வெள்ளை காட்டன் துணியை ஆல்கஹாலில் நனைத்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுங்கள். துணியில் மை ஏற ஏற, சுத்தமான பக்கத்துக்கு மாற்றணும். நேரடியாக ஊற்றினால் மை அடிவரை இறங்கும், அங்குள்ள பசையும் இளகலாம். ஜன்னல் திறந்திருக்கட்டும்; பக்கத்தில் ஊதுபத்திகூட வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும்.

ஃபவுன்டன் பேனா மை பெரும்பாலும் தண்ணீரில் கரையும். குளிர்ந்த நீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு விட்டு ஒற்றினாலே வெளுக்கும். ஜெல் பேனாதான் வில்லன். பலவற்றில் கரையாத நிறமித் துகள்கள் இருப்பதால் லேசான நிழல் தங்கிவிடலாம்.

கம்பளி, பட்டு கார்ப்பெட்டில் பிளீச் பக்கமே போகாதீங்க, இழையையே அரித்துவிடும். காஷ்மீர் கார்ப்பெட்டா? உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டு, கார்ப்பெட் கிளீனிங் செய்பவர்களைக் கூப்பிடுவதே மலிவு.